மார்ச் முப்பத்தொன்று வரைக்கும்

ஷாமினி கீழ்க்கடையிலிருந்து கோப்பி வாங்கி வந்து அசாருதீனின் மேஜையில் வைத்தபோதே அவனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பத்து மாதமாக இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். இந்தப் பத்து மாதத்தில் அவள் வாங்கித் தந்த முதல் கோப்பி அது. சும்மா யாரும் யாருக்கும் கோப்பி வாங்கித் தருவதில்லை என்பது அசாரின் கட்சி. அதிராம்பட்டினத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, கோலாலம்பூரில் எட்டு வருஷம் தாக்குப்பிடித்தவனுக்கு அப்படி ஒரு கட்சி இருப்பதில் தப்பில்லை. ஆனால் அதை அவன் வீட்டில், கடையில், பள்ளிவாசலில், லிஃப்டில்கூடக் கடைப்பிடித்தான் என்பதுதான் கொஞ்சம் அதிகம்.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா? பண்டாவைப் புதுசா ஒருத்தர் கத்துக்க எத்தனை நாள் ஆகும்?”

அசார் கோப்பியைக் கீழே வைத்தான்.

“ஏன் மேடம்?”

“மேடம்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. சும்மாதான் கேட்டேன் லா.”

“ஒரு வருஷம் ஆகும்,” என்றான் அசார்.

மூன்று வாரம் போதும் என்பது அவனுக்குத் தெரியும். அவள் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால் அவளுக்கும் அது தெரியும் போலிருந்தது. தெரிந்துகொண்டே எதற்குக் கேட்க வேண்டும் என்று அன்று காலை முழுக்க அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான்.

பண்டா என்பது அவர்கள் கம்பெனியான நேசம் சிஸ்டம்ஸின் சொந்தக் கணினி மொழி. முதலாளி சிவநேசன் பண்டமாரானில் பிறந்து வளர்ந்தவர். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கப் போனார். ஒவ்வொரு யார்டும் நாளுக்கொரு சட்டம் போட்டது. எந்த லோரி எந்த நாளில் எந்த கேட் வழியாக வரலாம், எந்தப் பெட்டியை எப்போது வெளியே விடலாம் என்று மாற்றி மாற்றி எழுதி வெறுத்துப்போனவர், அந்தச் சட்டங்களை எழுதுவதற்கென்றே ஒரு சின்ன மொழியை உண்டாக்கினார். நூறு வரியில் எழுதுவதை பண்டாவில் நாலு வரியில் எழுதிவிடலாம். சொந்த ஊர்ப் பெயரைப் பாதியாக வெட்டி மொழிக்கு வைத்தார். வாடிக்கையாளர்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வருஷாவருஷம் பாண்டா கரடி பொம்மை வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்த மொழி தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். சிவநேசன் ஒருவர், அசார் ஒருவன், ஷாமினி ஒருத்தி. அதில் சிவநேசன் கோட் எழுதுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. ஷாமினி வந்து வருஷம் திரும்பவில்லை. ஆகவே மொழியின் குடல்வரை கை விட்டுத் துழாவத் தெரிந்தவன் அசார் ஒருவன்தான்.

அவனுடைய வேலை பெர்மிட் வருஷாவருஷம் ஏப்ரல் கடைசியில் முடியும். அதைப் புதுப்பிக்கக் கம்பெனி ஒரு கடிதம் எழுதும். அதில் ஒரு வரி மட்டும் எந்த வருஷமும் மாறாது. இந்த மொழியைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இந்த நாட்டில் வேறு யாருமில்லை என்ற வரி. செந்தூலில் இருக்கும் வாடகை வீடு, மனைவி ஜெசிமா, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

அந்த வரிக்குத்தான் அன்று பதினொரு மணிக்கு வேட்டு வைத்தார்கள்.

சிவநேசன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய வாடிக்கையாளரான பண்டமாரான் யார்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. மூன்றே பேருக்குத் தெரிந்த மொழியை நம்பி எங்கள் கேட்டை விட்டுவைக்க முடியாது, மொழியை ஓப்பன் சோர்ஸ் ஆக்குங்கள், யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தும்படி வெளியில் வையுங்கள், இல்லையென்றால் வருஷ நடுவில் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

“பதினாலு வருஷம் உழைச்சதை ரோட்டுல வைக்கிறதா?” என்றான் அசார். “எவனாவது எடுத்துட்டுப் போய்ப் பேரை மாத்தி விப்பான் பாஸ்.”

“எடுத்துட்டுப் போகட்டுமே,” என்றாள் ஷாமினி. “இப்ப மூணு யார்டுலதான் பண்டா ஓடுது. அதுலயும் ஒண்ணு போகப் போகுது. பத்து யார்டு பண்டாவுல எழுதினா, ஏதாச்சும் பிரச்சனைன்னா எங்க வருவாங்க? நம்மகிட்டதானே வரணும். மூடி வச்சு இதுவரைக்கும் என்ன கண்டோம்?”

சிவநேசன் இருவரையும் பார்த்துப் புன்னகை செய்தார். ஐம்பத்தேழு வயதில் அவருக்கு அந்தப் புன்னகை நன்றாகப் பழகியிருந்தது. அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

“ஷாமினி சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு. நான் தனியா முடிவெடுக்கிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். இந்த மார்ச் கடைசியில கை தூக்குவோம். ரெண்டு கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.”

அது அந்த ஆபீஸின் வழக்கம். மத்தியானம் எந்தக் கடையில் சாப்பிடுவது என்பதற்குக்கூடக் கை தூக்குவார்கள். மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஜனநாயகம் சுலபமாக நடக்கும் என்று சிவநேசன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

“அதுக்குள்ள அசார், நீ அந்த கமென்ட்டையெல்லாம் கொஞ்சம் க்ளீன் பண்ணிரு. திறக்கிறோமோ இல்லையோ, மானம் போகக் கூடாது.”

கோட் வரிகளுக்கு இடையில் எழுதும் குறிப்புகளைத்தான் அவர் சொன்னார். வெளியாள் எவனும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில், பதினாலு வருஷமாக ஆளாளுக்கு இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதித் தள்ளியிருந்தார்கள். இந்தச் சட்டம் சுத்தப் பைத்தியக்காரத்தனம், ஆனால் யார்டு முதலாளி டத்தோ கேட்டுவிட்டார் என்று ஓரிடத்தில் இருந்தது. இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, தயவுசெய்து தொடாதே என்று ஓரிடத்தில். ஒரு யார்டு மேனேஜரின் டோப்பா முடியைப் பற்றி மட்டும் பதினொரு வரி. அவர் இன்னும் வாடிக்கையாளர்தான்.

அசார் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். ஆனால் அவனை உறுத்தியது அந்த டோப்பா அல்ல. அவனுடைய சொந்த வரி ஒன்று உள்ளே இருந்தது.

அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும். யார்டு கேட்டுக்கு விடுமுறை நாட்கள் ரொம்ப முக்கியம். இந்த ஊரில் அது லேசான விஷயமில்லை. சிலாங்கூர் மாநிலத்துக்கு ஒரு விடுமுறை, கோலாலம்பூர் இருக்கும் கூட்டரசுப் பிரதேசத்துக்கு ஒரு விடுமுறை, பெருநாளுக்குப் பிறை பார்க்க வேண்டும், நடுவில் திடீரென்று அரசாங்கம் ஒரு நாள் லீவு விடும். அசார் வேலைக்கு வந்த முதல் வருஷம் அந்தப் பட்டியலைக் கையில் இருந்தவரைக்கும் போட்டு வைத்தான். அடுத்த மார்ச்சில் பட்டியல் தீர்ந்துபோனது. தேதி தெரியாத பண்டா, லோரிகளுக்கு நேரம் ஒதுக்க மறுத்துவிட்டது. பண்டமாரான் சாலையில் லோரிகள் வரிசை கட்டி நின்றன. அசார் அரைமணி நேரத்தில் சரி செய்தான். “அசார் மட்டும் இல்லைன்னா நாம காலி,” என்று சிவநேசன் ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். அடுத்த வாரம் பெர்மிட் கடிதம் கேட்காமலே கையெழுத்தாகி வந்தது.

அங்கேதான் அவனுக்குப் புத்தி போனது. அந்தப் பட்டியலைத் தனிக் கோப்பாக வெளியில் வைத்திருந்தால் யார்டுக்காரனே வருஷாவருஷம் நிரப்பிக்கொள்வான். அசார் அதை மொழியின் வயிற்றுக்குள் புதைத்தான். மொழியையே உடைத்துக் கட்டத் தெரிந்தவன்தான் அதைத் தொட முடியும். பட்டியல் முடியும் தேதியை மார்ச் முப்பத்தொன்று என்று வைத்தான். ஏப்ரலில் கடிதம் எழுத உட்காரும்போது, போன வாரம் யார் காப்பாற்றினார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்க வேண்டும் அல்லவா? ஆறு வருஷமாக ஒவ்வொரு மார்ச் கடைசி வாரமும் அவன் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு வருஷத்தை நிரப்பினான். பட்டியல் சிக்கலானது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தான். யாரும் கேள்வி கேட்கவில்லை. மொழியைத் திறந்து வைத்தால் கேட்பார்கள். கொஞ்சம் கோட் தெரிந்த எவனும் ஒரு தடவை படித்தாலே, இவன் வேண்டுமென்றே செய்தான் என்று சொல்லிவிடுவான்.

அந்த வாரம் பண்டமாரான் யார்டில் ஒரு கேட் கருவியைப் பார்க்க வேண்டியிருந்தது. அசார் கிள்ளான்வரை ரயிலில் போய், அங்கிருந்து வாடகைக் காரில் போனான். கேட் சூப்பர்வைசர் ஜெயராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். கேட்டில் இருபது வருஷம் வெயில் குடித்தவர், வாயைத் திறந்தால் லோரி டிரைவர்களைத் திட்டத்தான் திறப்பார். அன்று பள்ளிக்கூடப் பரீட்சை எழுதியவர் போல ஒரு காகிதத்தை நீட்டினார்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. மழை நாள்ல ரெண்டாம் கேட்டை மூடுறதுக்கு நானே எழுதினேன்.”

ஐந்து வரி பண்டா. சுத்தமாக இருந்தது. அசார் எழுதியிருந்தால் எட்டு வரி ஆகியிருக்கும்.

“யார் சொல்லிக் கொடுத்தா?”

“நம்ம ஷாமினிதான். கிள்ளான்லதானே அது வீடு. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சொல்லிக் கொடுத்துச்சு. மூணு வாரம்தான் அண்ணே, ஈசியாத்தான் இருக்கு.”

அசாருக்கு எல்லாம் உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கிவிட்டது, அதாவது அவன் அப்படி நினைத்துக்கொண்டான். முதலில் கற்றுக்கொள்ள எத்தனை நாள் என்று வேவு பார்த்தாள். யார்டிலேயே ஆள் தயார் செய்தாள். யார்டுக்காரர்களைத் தூண்டிக் கடிதம் எழுத வைத்தவளும் அவளாகத்தான் இருக்கும். உள்ளூர் ஆட்கள் பத்து பேருக்கு பண்டா தெரிந்துவிட்டால், இவனைத்தவிர ஆளில்லை என்று எந்த வாயால் கடிதம் எழுதுவார்கள்? திரும்பும்போது ரயிலில் பக்கத்தில் இருந்தவர் இவனைப் பார்த்துச் சிரித்ததற்குக்கூட இவன் சிரிக்கவில்லை.

மறுநாள் அவளிடம் கொக்கி போட்டுப் பார்த்தான்.

“திறக்கிறதா இருந்தா, இன்னைக்கு இருக்கிற கோட் மட்டும் போட்டாப் போதும்தானே மேடம்? பழைய வரலாறு எதுக்கு?”

எந்த வரியை யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு மாற்றினார்கள், மாற்றும்போது என்ன குறிப்பு எழுதினார்கள் என்று ஒன்று விடாமல் பதிந்து வைத்திருக்கும் வரலாறு ஒன்று கோட் வரிகளுக்குப் பின்னால் உண்டு. மேலே இருக்கும் கமென்ட்டைத் துடைக்கலாம். வரலாற்றில் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஷாமினி கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

“முழு வரலாறோடதான் போடணும் அண்ணே. கெட்ட வார்த்தை, ஆள் பேரு இருக்கிற குறிப்பை மட்டும் மறைச்சிக்கலாம். மத்ததை மறைச்சா யாரு நம்புவா? ஏன், உங்களுக்கு ஏதாச்சும் பிரச்சனையா?”

“எனக்கென்ன பிரச்சனை,” என்றான் அசார். அவளும் நம்பவில்லை என்பது அவள் திரும்பி உட்கார்ந்த வேகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு கோப்பி வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆபீஸில் யாரும் இல்லை. கீழே பூக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அசார் தனியாக உட்கார்ந்து வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தான். அவனுடைய அந்த வரியை யாரெல்லாம் எப்போது தொட்டார்கள் என்று தேடினான். தன் பெயர் மட்டும்தான் வரும், ஆறு தடவை, ஆறு மார்ச் என்று எதிர்பார்த்தான். அதை எப்படிப் பூசி மெழுகலாம் என்பதுதான் அவன் கவலை.

எட்டு வந்தது.

நடுவில் இரண்டு தடவை சிவநேசன் பெயர் இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம், ஒரே நாளில் இரண்டு மணி நேர இடைவெளியில். அந்த ஜூனில் அசார் ஊரில் இருந்தான், இரண்டு வார லீவில். லீவுக்குப் போவதற்கு முன்னால் சைபர்ஜெயாவில் ஒரு கம்பெனி தன்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சிவநேசனிடம் சொல்லியிருந்தான். போய்ட்டு வந்து யோசி, அவசரமில்லை என்று அதே புன்னகையோடு அவர் வழியனுப்பியிருந்தார்.

முதல் மாற்றத்தின் குறிப்பு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: “லீவு நாள் பட்டியல் பத்து வருஷத்துக்குப் போட்டாச்சு. பெருநாளுக்கு உத்தேசத் தேதி. இனிமே அசார் இல்லாட்டியும் ஓடும்.”

இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது: “பழையபடி மார்ச் 31க்கே மாத்தியாச்சு. அவனே கட்டி வச்சது, இருக்கட்டும். இது இருக்கிற வரைக்கும் அவன் எங்கேயும் போக மாட்டான்.”

அசார் அதை நாலு தடவை படித்தான். முதலில் வந்தது வெட்கம்தான். திருடும்போது வீட்டுக்காரர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார் என்று நாலு வருஷம் கழித்துத் தெரிந்தால் எப்படி இருக்கும்? உடம்பெல்லாம் கூசியது. பிறகு கோபம் வந்தது, வந்தது நிற்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்து அந்த நேர்காணலுக்கு அவன் போகத்தான் செய்தான். உனக்கு எந்த மொழி நன்றாகத் தெரியும் என்று கேட்டார்கள். பண்டா என்றான். எதிரில் இருந்த மூவரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். வேறு என்ன தெரியும் என்று கேட்டார்கள். அவன் பதில் அவனுக்கே கேட்கவில்லை. இனி நமக்கு நேசம் சிஸ்டம்ஸ்தான் கதி என்று பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டான். சம்பளம் கூட்டிக் கேட்கவும் வாய் வரவில்லை, கேட்டால் எங்கே துருவிப் பார்ப்பார்களோ என்ற பயம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச்சில் வாப்பாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஜெசிமா, கிளம்புங்க, கிளம்புங்க என்று தினமும் சொன்னாள். பட்டியலை இன்னும் போடவில்லை. அவசரமாகப் போட்டால் தப்பாகிவிடும், தப்பானால் வேறு கை உள்ளே வரும், வந்தால் பார்த்துவிடும். ஏப்ரல் ஒன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தான். மார்ச் இருபத்தெட்டாம் தேதி வாப்பா மவுத்தாகிவிட்டார். அன்றைக்கு அசாரை ஆபீஸில் பிடித்து வைத்திருந்த ரகசியம், சிவநேசனுக்கு அப்போதே இரண்டு வருஷப் பழசு. அவர் வந்து தோளில் கை வைத்து ஆறுதல்கூடச் சொன்னார்.

கம்பெனியின் கழுத்தில் தான் கயிறு கட்டி வைத்திருப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான். கயிறு எந்தக் கழுத்தில் இருந்தது என்பது அந்தச் சனிக்கிழமைதான் அவனுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை கை தூக்கும் நாள். அதற்கு முன்னால் சிவநேசன் அவனைத் தனியாகக் கீழே வாழையிலைக் கடைக்குக் கூட்டிப் போனார். அவன் இலையில் தானே அப்பளம் எடுத்து வைத்தார். அசார் அந்த அப்பளத்தையும் சந்தேகமாகத்தான் பார்த்தான், ஆனால் இந்தத் தடவை அவன் சந்தேகம் சரியான ஆளின் மேல் இருந்தது.

“மத்தியானம் நீ கையைத் தூக்காதே அசார்.”

“நீங்க திறக்கணும்னு நினைக்கிறீங்கன்னுல்ல இருந்தேன் பாஸ்.”

“அது யார்டுக்காரனுக்காகச் சொன்னது. நானே வேணாம்னா கோவிச்சுப்பான். என் எஞ்சினியர்ஸ் ஒத்துக்கலைன்னு சொன்னா என்ன செய்வான்? ஷாமினி ஒரு கை. நீயும் நானும் தூக்காட்டி முடிஞ்சது கதை.” ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். “உனக்கும் அதுதான் நல்லது. ஊர் முழுக்க பண்டா படிச்சிட்டா உன் பெர்மிட்டுக்கு நான் என்னன்னு எழுதறது?”

“ஊர் முழுக்க பண்டா ஓடினா, எனக்கு வேற இடத்துலயும் வேலை கிடைக்கும்ல பாஸ்?”

சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டான். இலையில் அளைந்துகொண்டிருந்த சிவநேசனின் விரல்கள் நின்றன. எட்டு வருஷத்தில் அந்தப் புன்னகை இல்லாத முகத்தை அசார் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

“சாப்பிடு, சாப்பிடு,” என்றார் அவர்.

மூன்று மணிக்கு மூவரும் அவர் அறையில் உட்கார்ந்தார்கள். திறக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்று சிவநேசன் சொன்னார். ஷாமினி தூக்கினாள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே தூக்கிய கை அது, தோளுக்கு மேலே போகவில்லை.

அசாரும் தூக்கினான்.

ஷாமினி அவன் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தோஷப்படுவதற்குப் பதிலாக அவள் புருவம் சுருங்கியது.

“என்ன அண்ணே, திடீர்னு? இதுல ஏதாச்சும் உள்குத்து இருக்கா?”

“முழு வரலாறோட போடலாம்,” என்றான் அசார். “டோப்பா, டத்தோ, அதெல்லாம் மறைச்சாச்சு. என் பேர்ல இருக்கிறதையும் பாஸ் பேர்ல இருக்கிறதையும் தொடலை.”

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். அவனுடைய ஆறு மார்ச்சுகளையும் அவனே விரல் வைத்துக் காட்டினான். எதற்காகச் செய்தான் என்பதையும் சொன்னான். பிறகு நடுவில் இருந்த இரண்டையும் காட்டினான். ஷாமினி குறிப்பைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கிச் சிவநேசனைப் பார்த்தாள். அவர் சன்னலுக்கு வெளியே மோனோரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ வச்ச பூட்டு,” என்றார் சிவநேசன், பார்வையைத் திருப்பாமலே. “நான் திறக்காம விட்டேன், அவ்வளவுதான். உன் பெர்மிட் ஏப்ரல்ல முடியுது, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு பாஸ். இந்த வருஷம் கடிதத்துல உண்மையை எழுதுங்க. இவனைத்தவிர இந்த மொழி யாருக்கும் தெரியாதுன்னு எழுத வேணாம். இவன் பத்து பேருக்குச் சொல்லிக் கொடுப்பான்னு எழுதுங்க. எழுத முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லிருங்க, நான் வேற இடம் பார்க்கணும்.”

சிவநேசன் எழுந்து, கைப்பேசியை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத அழைப்பை எடுத்துப் பேசுவதுபோல வெளியே போனார். ஆனால் இரண்டு கை தூக்கியாகிவிட்டது. அந்த வழக்கத்தை உண்டாக்கியவரே அவர்தான்.

ஷாமினி நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, நான் உங்களைத்தான் இத்தனை நாளா சந்தேகப்பட்டேன். பாஸுக்காக என்னை வேவு பார்க்கிறீங்கன்னு. அன்னைக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து எத்தனை நாள் ஆகும்னு கேட்டதும், நீங்க உண்மையைச் சொல்றீங்களான்னு பார்க்கத்தான்.”

“நான் உங்களை. ஜெயராஜுக்குச் சொல்லிக் கொடுத்து என் இடத்துல வைக்கப் போறீங்கன்னு.”

“அந்த அங்கிள் பாவம், கேட்ல நின்னு நின்னு கால் போச்சு. உட்கார்ந்து செய்யற வேலை ஏதாச்சும் கத்துக்கொடுன்னு கேட்டாரு. வேற ஒண்ணும் இல்லை.”

நாலு மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். பண்டா உலகத்துக்கு முன்னால் திறந்து கிடந்தது. அசார் தன் மேஜைக்கு வந்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண்ணையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலரை மணிக்குச் சைபர். ஐந்து மணிக்கும் சைபர். உலகத்துக்கு வேறு வேலைகள் இருந்தன.

ஐந்தே காலுக்கு ஒருவர் வந்தார். பண்டமாரானிலிருந்து ஜெயராஜ். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று திறந்துவிட்ட பக்கத்தில், உலகத்தின் முதல் கேள்வியாக அவர் எழுதியிருந்தார்: “அண்ணே, லீவு லிஸ்ட் ஏன் மார்ச் 31லயே நிக்குது? மறந்துட்டீங்களா?”

மறந்துவிட்டேன் என்று எழுதினால் முடிந்தது. வரலாற்றைத் தோண்டிப் பார்க்கும் வழக்கம் ஜெயராஜுக்கு இன்னும் வரவில்லை. அசாரின் விரல் இரண்டு தடவை அந்த வார்த்தையை எழுதி அழித்தது. பிறகு வேறு மாதிரி எழுதினான். “மறக்கலை. நான் வேணும்னேதான் அப்படி வச்சேன், என் பெர்மிட்டுக்காக. தப்பு என்னோடதுதான். பட்டியலை வெளியே எடுத்து வைக்கிறேன், இனிமே நீங்களே நிரப்பலாம்.” கீழே முழுப் பெயரைப் போட்டான். ஏப்ரலில் இதைப் பெர்மிட் கொடுக்கிற அதிகாரியே படித்தாலும் படிக்கட்டும் என்று அனுப்பியும் விட்டான்.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. “ஓகே அண்ணே.”

அவ்வளவுதான். ஆறு வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவன் காத்த ரகசியத்துக்கு அந்த ஒரு வரிதான் விலை. அசாருக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது, வந்தது அழுகை. எதிரே ஷாமினி பார்த்தும் பார்க்காததுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துவிட்டு, பட்டியலைத் திறந்து ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து நிரப்ப ஆரம்பித்தான்.